பயறு டப்பாவில் சுசீலாக்கா கேட்ட கேள்வி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், எனக்குப் பெருமை சேர்க்காத இடங்களையும் விடாமல். சுசீலாக்காவைப் பற்றி ஆண்டு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "அன்பானவர், அமைதியானவர், கடமை தவறாதவர்னு எழுதும்மா, போதும்" என்றும் சொன்னார்கள். அன்பானவர் என்பது சரி. கடமை தவறாதவர் என்பதும் சரி. அமைதியானவர் என்பது பொய். இந்தப் பள்ளியில் அவர் கையால் ஒரு வேளை சாப்பிட்டவர்கூட அதை நம்பமாட்டார்.

செய்தி வந்த விதத்தை முதலில் சொல்கிறேன். அன்று திங்கட்கிழமை. காலை வழிபாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. "சத்துணவு சாப்பிடும் மாணவர்கள் கவனிக்கவும். இன்று சமையல் தாமதமாகும்." அவ்வளவுதான். ஏன் தாமதம் என்று சொல்லவில்லை. இடைவேளையில் சமையற்கூடத்துக்கு ஓடினேன். உதவியாளர் மேரியக்கா தனியாக உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். கண்ணீர் அந்தத் தண்ணீரிலேயே விழுந்தது.

"சுசீலா பூட்டாம்மா. நேத்து சாயந்தரம் நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிச்சு" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மைக்குல அவ பேரு வந்துச்சா பாத்தியா? சோறு லேட்டுன்றது மட்டும் வந்துச்சு" என்றார்.

அதனால்தான் அரைப் பக்கம் எனக்குப் போதவில்லை.

சுசீலாக்கா எங்கள் பள்ளியின் சத்துணவு சமையலர். வீடு சேக்காட்டில். நான் குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவைச் சாப்பிட்டே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டேன். சமையற்கூடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அறிவியல் சார் எல்லோரையும் ஐந்து பூச்சிகள் பிடித்துவரச் சொன்ன அன்று, நூலகப் புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு வளாகம் முழுக்க அலைந்தேன். கடைசியில் ஒரே ஒரு கட்டெறும்போடு சமையற்கூடத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே ஒருவர் முறத்தில் பச்சைப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தேடிகினு கீற?"

"பூச்சிக்கா."

"பூச்சியா! உள்ள வா. உனுக்குப் படி கணக்குல தரேன்." என் கையைப் பார்த்துச் சிரித்தார். "புக்குல தேடுனா கெடைக்குமா? முறத்துல பாரு."

முறத்தின் ஓரத்தில் பழுப்பு நிற வண்டுகள் சிதறி ஓடிக்கொண்டிருந்தன. மிளகைவிடச் சிறியவை. அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் புக்கு.

அன்றைக்கே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு நான் அதை மாற்றினேன்.

"குண்டா கீதே, அது பொம்பள. சின்னது ஆம்பள. ஒரு தடவ சேந்தாலே அது முட்ட வெச்சிடுது, முட்ட பொரிக்கவும் செய்யுது. நா குங்கும டப்பால தனியாப் போட்டுப் பாத்துட்டேன். அப்பறம் இன்னாத்துக்கு மறுபடி மறுபடி போவுது? அதுவும் அந்த ஆம்பளய ஒத ஒதன்னு ஒதைக்குது. ஒதைச்சிகினே போவுது. அடுத்த நாளு மறுபடி போவுது. ஏன்னு உம் புக்குல போட்டுகீதா?"

என் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. பாடப்புத்தகத்தில் பூச்சிக்கு ஆறு கால், உடல் மூன்று பகுதி, அதோடு சரி. நூலகத்திலும் பள்ளிக் கணினியிலும் தேடினேன். தேடத் தேட அக்காவின் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. பயறு வண்டில் ஆணின் உறுப்பில் முட்கள் உண்டு; அவை பெண்ணின் உள்ளே காயப்படுத்தும். அதனால்தான் அது உதைக்கிறது. எல்லாப் பூச்சிகளிலும் முள் இல்லையென்றாலும் வேறு நட்டங்கள் உண்டு. நேரம் போகும், நோய் தொற்றும், அசையாமல் நிற்கும்போது பல்லியோ சிலந்தியோ பிடித்துக்கொள்ளும். அப்படியும் எத்தனையோ வகைப் பெண் பூச்சிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இணைசேர்கின்றன. அறிஞர்கள் பல காரணங்கள் எழுதியிருந்தார்கள். ஒரு மதியம் அக்கா முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது அவற்றை வரிசையாகப் படித்துக் காட்டினேன்.

"சில பூச்சிகள்ல ஆண் சாப்பாடு கொண்டுவந்து பரிசா குடுக்கும் அக்கா."

"நம்மாளு வெறுங்கையோடதான் வரான்."

"முதல் இணைசேர்க்கை பலிக்காம போயிட்டா ஒரு காப்புக்காக."

"அதான் மொதல்லியே பொரிச்சிடுச்சே. இன்னா காப்பு?"

"பல தந்தைகள் இருந்தா குஞ்சுகள் பலவிதமா இருக்கும். ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்ணா சாகாது."

"சரி, அது நாளைக்கு வரப் போற குஞ்சுக்கு. இன்னிக்குக் காயப்பட்றவளுக்கு இன்னா கெடைக்குது?"

அடுத்ததைப் படித்தேன். சில பூச்சிகளில், ஆண் விடாமல் துரத்தும்போது, மறுத்து ஓடுவதற்கு ஆகும் பாடு இணங்கிவிடுவதைவிட அதிகம். அதனால் பெண் இணங்கிவிடுகிறது. அக்கா உரித்த முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். வேறெதையும் அவர் மறுபடி படிக்கச் சொன்னதில்லை.

"இத்த எழுதி வெய்யி. ஆனா எல்லாப் பூச்சிக்கும் இதான்னு எழுதாத. எல்லாத்துக்கும் ஒரே காரணம்னு எந்த புக்குலயாவது போட்டுகீதுன்னா அத்த மூடி வெச்சிடு" என்றார்.

நாங்களே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். பொருள் அறையில் பன்னிரண்டு குங்கும டப்பாக்கள். பயறுகளைத் தனித்தனியாகப் போட்டு வைத்து, வெளிவரும் பெண் வண்டு ஒவ்வொன்றையும் ஒரு டப்பாவில் விட்டோம். முதல் நாள் ஓர் ஆணோடு சேர்த்து, பிறகு நாள்தோறும் மதியம் ஒரு புதிய ஆணைச் சிறிது நேரம் உள்ளே விட்டு, பெண் ஏற்கிறதா உதைத்துத் துரத்துகிறதா என்று ஒரு நோட்டில் குறித்தோம். ஏற்றால் கோடு. துரத்தினால் சுழி.

அந்த நோட்டில் ஒவ்வொரு நாளும் கடைசி வரி "விளக்கு அணைக்கப்பட்டது, சு." என்று இருக்கும். அது அக்காவின் ஏற்பாடு. யாரோ வயரிங் பார்க்க வந்தவர் ஒருமுறை பொருள் அறை விளக்கை எரியவிட்டுப் போய்விட்டார். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னது அக்காவை. "ஒரு தடவ எழுதிக் குடுத்தேன் புக்கு. இனிமே தெனம் எழுதி நானே வெச்சிக்குவேன். எவனாவது கேட்டா மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்" என்பார். யாரும் கேட்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அக்கா அடுப்பு, கரண்டி, முறம் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார். டப்பாக்களுக்கும் வைத்தார். விடுமுறை முடிந்து நான் வந்து மூடியைத் திறந்தால், உள்ளே ஈரப் பஞ்சு! ஆறு டப்பாக்களில் பஞ்சு, ஆறில் இல்லை.

"அக்கா, யாரு இத வெச்சது?"

"நாந்தான். லீவாச்சே. விளக்குத் திரிக்கு வெச்சிருந்த பஞ்ச நனைச்சிப் போட்டேன். ஆறுக்குத்தான் வந்துச்சு, தீந்துபூட்ச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோதனை நடுவே எதையும் மாற்றக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருந்தேன்! "கெடுத்துட்டீங்க. எல்லாம் போச்சு. உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று கத்தினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

"இன்னாடி கெடுத்தேன்? மூணு நாளு பூட்டி வெச்சிட்டுப் போற. அதுங்கோ குடிக்க இன்னா வெச்சிட்டுப் போன நீ?"

"வளர்ந்த வண்டு சாப்பிடாது, குடிக்காது. புக்குல இருக்கு."

"வேணான்னு குடிக்காம கீதா, கெடைக்காம குடிக்காம கீதா? அத்த போட்டுகீதா உம் புக்குல?"

எரிச்சலில் நோட்டை மூடப் போனேன். அக்கா என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, "கெட்டதோ நல்லதோ, இன்னிக்குப் பாக்கவேண்டியத பாத்துட்டு அழு" என்றார். பார்த்தோம். பஞ்சு இல்லாத டப்பாக்களில் புதிய ஆணைப் பெண்கள் ஏற்றன. பஞ்சு வைத்த டப்பாக்களில் பெரும்பாலும் உதைத்துவிட்டு ஓடின. ஒன்று பஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு உதைத்தது. மறுநாளும் கிட்டத்தட்ட அப்படியே. ஒரு பக்கம் கோடுகள், ஒரு பக்கம் சுழிகள்.

அக்கா நோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"தாகம் புக்கு. காஞ்ச பயறுக்குள்ள பொறந்து, காஞ்ச பயறு மேலயே கெடக்குது. சுத்தி ஒரு சொட்டு இல்ல. அந்த ஆம்பளகிட்டேந்துதான் கொஞ்சம் ஈரம் வருது. முள்ளு குத்தும்னு தெரிஞ்சே போவுது. தண்ணி வெச்சா, போடான்னுது."

உலகத்தில் இதை முதலில் கண்டது நாங்கள் இல்லை. பிறகு தேடியபோது, ஆண் தரும் திரவத்திலிருந்து அந்த வண்டுக்கு நீர் கிடைக்கிறது என்று ஏற்கெனவே எழுதியிருந்ததைப் படித்தேன். முகம் தொங்கிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கைதட்டிச் சிரித்தார். "அப்போ நாம பாத்தது சரிதான்னு சொல்லு!"

அந்த நாட்களில்தான் முட்டை இறக்க வரும் வேன் டிரைவர் ஒருநாள் டப்பாக்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சுசீலா, பூச்சிக்கு ரெண்டாங் கல்யாணமா? உனுக்குத்தான் அனுபவம் கீதே, பண்ணி வெய்யி."

சமையற்கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்டோம். அக்கா முதல் கணவரின் அடி தாங்காமல் வந்தவர். சில வருடங்கள் கழித்து, நசரத்பேட்டையைச் சேர்ந்த ஷேர் ஆட்டோ ஓட்டும் மணியண்ணனைக் கட்டிக்கொண்டார். அடி வாங்கி வந்தவள் மறுபடி ஏன் கட்டிக்கொண்டாள் என்று சேக்காட்டில் அவர் காதுபடவே கேட்பார்களாம். அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நைனா, முட்டய எண்ணி வெச்சிட்டுக் கெளம்பு. ஒடைஞ்சதுல உன்னியும் சேத்துடப் போறேன்."

அவர் போன பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் ஒரு பேச்சுப் பேசினேன். வண்டுக்குக்கூட ஒரு நியாயமான காரணம் இருக்கிறது, உங்களுக்கும் அப்படித்தான் அக்கா என்றேன். புத்தகம் படிக்கிறவர்களுக்கு வரும் நோய் இது. எதைப் பார்த்தாலும் இன்னொன்றோடு ஒட்டிவிடத் தோன்றும். அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"வண்டு வேற, நா வேற. அதுக்குத் தாகம். எனுக்கு அவர புடிச்சுது, கட்டிகினேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு ஒத்துமதான் புக்கு. எங்களக் கேக்காமலே எங்களப் பத்தி கத கட்றானுங்கோ. நீயும் கட்டாத."

இப்போது எனக்குப் பெருமை சேர்க்காத இடம் வருகிறது.

பூந்தமல்லியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் சோதனை தேர்வானது. அட்டையின் தலைப்பாக அக்காவின் கேள்வியையே எழுதியிருந்தேன்: "நட்டம் இருந்தும் பெண் வண்டு ஏன் மறுபடி இணைசேர்கிறது?" அதன்கீழ் இரண்டு பெயர்கள். அக்கா தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று ஒரு தாள் துண்டில் எழுதித் தர, நான் ஒட்டியிருந்தேன். புறப்படும் காலை அறிவியல் சார் அட்டையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. "ஊர் பேசும்மா. எனக்கும் பொண்ணு இருக்கு, அதனால சொல்றேன். பயறு வண்டின் வாழ்க்கைச் சுழற்சின்னு மாத்திடு. அப்புறம், மாணவர் படைப்புல சமையல்காரம்மா பேர் எப்படி வரும்?" என்றார்.

"சரி சார்" என்றேன். தலைப்பின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். அக்காவின் பெயர்த் துண்டைப் பூந்தமல்லியில், அரங்கத்தில் வைத்து, நகத்தால் உரித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். நடுவர் ஒருவர் வந்து, "ஏன் பாதி டப்பாவில் மட்டும் ஈரப் பஞ்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மொத்த அரங்கத்திலும் அவர் ஒருவர்தான் கேட்டார். "ஈரப்பதத்துக்காக சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால், பச்சைப் பட்டுப் புடவையில் சுசீலாக்கா நின்றுகொண்டிருந்தார். சமையலை முடித்துவிட்டு, அரை நாள் விடுப்புப் போட்டு, மணியண்ணன் ஆட்டோவில் வந்திருக்கிறார். வண்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு கோப்பை. அதை இப்போது எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் நான் சமையற்கூடத்துக்குப் போகவில்லை. அவரே வகுப்பு வாசலுக்கு வந்து, "புக்கு, வெளிய வா" என்றார். பெயரை எடுத்ததற்குத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்து, மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"பேரு போனா போவுது. கேள்விய ஏன் மாத்துன? அந்த மனுசன் அவ்ளோ கரெக்டா கேட்டாரு. ஈரப்பதமாம்! பூச்சி முள்ளு குத்திகினே போய் உனுக்குக் காட்டுச்சு. நீ வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா முள்ளு குத்துச்சு உனுக்கு?"

நான் அழுதேன். அவர் கொஞ்சம்கூட இளகவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "மறுபடி பண்ணுவோம். ஒரு தடவ பாத்துட்டு சொன்னா சொம்மா சொன்ன மாதிரி. பத்தாவது பரிச்ச முடி. பதினொண்ணுல புதுப் பயறு எடுத்து மொதல்லேந்து எண்ணுவோம். இந்த தபா மேல வெள்ளத் தாளு ஒட்டாத."

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்ந்தேன். பாடச்சுமை என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, பன்னிரண்டு டப்பாக்களிலும் வண்டு முட்டை ஒட்டிய பயறாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். "வெளிய வரட்டும், ஆரம்பிக்கலாம்" என்றார். அடுத்த திங்கட்கிழமைதான் அந்த அறிவிப்பு.

காரியம் முடிந்த பிறகு மணியண்ணன் பொருள் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்கு வந்தார். என்னைத் தேடிப் பிடித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு குங்கும டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"இத்த தூக்கிப் போடக்கூடாதுன்னு சொல்லிகினே இருப்பா. அன்னிக்கிப் பூந்தமல்லில குப்பக் கூடைலேந்து அவளே பொறுக்கினா. எனுக்கு இன்னான்னு தெரியாதும்மா. உனுக்குத் தெரியும்னா."

உள்ளே மடித்த தாள் துண்டு. ஓர் ஓரம் கிழிந்திருந்தது. "சு. சுசீலா" என்று, அவர் விளக்குக் குறிப்பில் போடும் அதே சு.

இந்தக் கட்டுரை அரைப் பக்கத்தைத் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். பூச்சி இணைசேர்வதைப் பற்றி ஒரு பெண் பிள்ளை ஆண்டு மலரில் எழுதலாமா என்று கேட்பார்கள் என்பதும் தெரியும். அம்மா இப்போதே, "ஊரு சிரிக்கும் ஏட்டி" என்கிறாள். பயறு சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பூச்சியோடுதான் வாழ்கிறோம். அதைப் புடைத்து எடுத்தவர் கேட்ட கேள்வியை மட்டும் மறைக்கச் சொல்வது என்ன நியாயம்? வெட்டுவதானால் முதலில் என் பெயரை வெட்டுங்கள். கேள்வியின்மேல் இனி நான் தாள் ஒட்டமாட்டேன். அந்த நடுவர் எங்கே இருந்தாலும் இதைப் படிக்கட்டும்: ஐயா, பஞ்சு ஈரப்பதத்துக்காக அல்ல. தாகம் தீர்ந்தால் பெண் வண்டு மறுக்கிறதா என்று பார்க்க. பஞ்சை வைத்தவர் சு. சுசீலா.

பழைய அட்டையை எடுத்து வெள்ளைத் தாளைத் தண்ணீர் தொட்டு உரித்தேன். கேள்வி கொஞ்சம் மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. அதன்கீழே கிழிந்த துண்டை ஒட்டினேன். பொருள் அறைச் சுவரில், மூட்டைகளுக்கு மேலே அது தொங்குகிறது. மேரியக்காவைக் கேட்டுத்தான் மாட்டினேன். வேன் டிரைவர் அதைப் பார்த்தார். முட்டையை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கேள்வியை, அவர் சொன்ன வார்த்தைகளில். "எல்லாப் பூச்சிக்கும் இதான்னு எழுதாத" என்பதையும், "கத கட்றானுங்கோ. நீயும் கட்டாத" என்பதையும். அப்புறம் அந்த நோட்டு. அதில் இன்றைய பக்கத்தை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அக்கா போட்டு வைத்த பயறுகளிலிருந்து வண்டுகள் வெளிவந்துவிட்டன. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு டப்பாக்கள். ஆறில் பஞ்சு நனைத்து வைத்தேன். இந்த முறை தெரிந்தே. முதல் இணைசேர்க்கை முடிந்தது. நாளை மதியம் புதிய ஆண்களை விட்டு எண்ண வேண்டும். எண்ணுபவர் ஒருவர். மேரியக்கா கூட இருந்தார். விளக்கு அணைக்கப்பட்டது.